எடை மாற்றியவர்

மார்ச் 3, வெள்ளி

ஆஸ்பத்திரி மென்பொருள் ஏப்ரல் முதல் தேதி முழுதாக ஓடத் தொடங்குகிறது. அதுவரை இந்த அலுவலகத்தில் அரங்கேறும் அறிவீனங்களை யாராவது எழுதி வைக்க வேண்டும். என்னை விட்டால் சரவணம்பட்டியில் அதற்கு ஆள் கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த இந்த டைரி இரண்டு மாதமாகச் சும்மாதான் கிடந்தது.

காலையில் கூட்டம். நபீலா எழுந்து நின்று, மென்பொருளிலிருந்து டேட்டா பைண்டிங்கை எடுத்துவிட வேண்டும் என்றாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டு முடியவில்லை. குடி வந்த வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அடம்.

இதைப் படிக்கப்போகிறவர் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். திரையில் ஒரு பெட்டியில் நோயாளியின் பெயரை எழுதுகிறோம். மருந்துச் சீட்டு, சாப்பாட்டுப் பட்டியல், டிஸ்சார்ஜ் தாள் என்று அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் தானாக மாறிக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்றைக் கட்டிப்போட்டிருக்கிறோம். அதுதான் பைண்டிங். நான் கட்டியது இரண்டு பக்கமும் ஓடும். இங்கே மாற்றினால் அங்கே மாறும், அங்கே மாற்றினால் இங்கே மாறும். ஆறு ஆண்டுக்கு முன் பெங்களூரு மாநாட்டில் இதைச் செய்து காட்டியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். கேடயம் அலமாரியில் இருக்கிறது.

"சார், பன்னெண்டு ஸ்க்ரீன் இருந்தப்ப இது அழகுதான்," என்றாள் நபீலா. "இப்ப முந்நூத்தி நாப்பது. ஒரு பெட்டி மாறுச்சுன்னா எது மாத்துச்சுன்னு யாருக்குமே தெரியல. தகவல் ஒரே பக்கமா போகட்டும் சார். மனுஷன் தொட்டாத்தான் மாறணும்."

"அப்ப நர்ஸம்மா பொத்தான் பொத்தானா அமுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நோயாளிய யாரு பாக்கறது, நீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மேனேஜர் வைரவேல்தான் அதிகம் சிரித்தார். யார் பக்கம் சிரிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது.

மார்ச் 5, ஞாயிறு

எட்டு நாள் கழித்துச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. மொட்டைமாடி டாங்குக்குத் தானியங்கி மோட்டார் பொருத்திவிட்டேன். டாங்கில் தண்ணீர் குறைந்தால் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். என் மனைவி மரகதம் இத்தனை வருடம் மாடிக்கும் கீழுக்கும் நடந்ததெல்லாம் வீண். "நீங்க போட்ட சென்சாரை நம்பி நான் துணி ஊற வெக்கலீங்க," என்றாள். ஒரு நன்றி கிடையாது.

மார்ச் 7, செவ்வாய்

ஜெசிந்தா மறுபடியும் பக் என்று ஒரு பிழைப் புகார் எழுதியிருக்கிறார். பதினோரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, முதுகுவலி வந்ததும் படித்துத் தேறி இங்கே சோதனைப் பிரிவுக்கு வந்தவர். அலுவலகம் முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. ஊசி போட்ட கை, இப்போது என் நிரலில் குத்திக்கொண்டிருக்கிறது.

"குழந்தையின் எடை தானாக மாறுகிறது." இதே புகார் நான்காவது முறை. நானே உட்கார்ந்து சோதித்தேன். எடை மாறவில்லை. "மீண்டும் நிகழவில்லை" என்று எழுதி மூடினேன்.

மத்தியானம் என் இடத்துக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு டேப்லெட் வேணுங்க சார். ஒண்ணு டாக்டர் கையில, ஒண்ணு நர்ஸ் ஸ்டேஷன்ல. ரெண்டுலயும் அதே கொழந்தையத் திறந்து வெச்சாத்தான் வருது."

"ஜெசிந்தாம்மா, என் மெஷின்ல வரல. வராததை எப்படிங்க சரி பண்றது?"

"நீங்க ஒரே ஆளா உக்காந்து பாக்கறீங்க சார். வார்டுல யாரும் ஒத்தையா வேலை செய்யறதில்லீங்க."

ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள். தலையாட்டி அனுப்பி வைத்தேன்.

மார்ச் 9, வியாழன்

டாங்க் நிறைந்தது, மோட்டார் தானே நின்றது. மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள்.

மார்ச் 13, திங்கள்

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் மட்டும் ஒரு மாதமாகச் சோதனை ஓட்டம் நடக்கிறது. இன்று அங்கிருந்து போன். சனிக்கிழமை மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு வலி மருந்து அதிகமாகப் போய்விட்டது. குழந்தையின் எடை பதினான்கு கிலோ. திரையில் இருபத்தொன்று என்று இருந்திருக்கிறது. அந்த எடைக்குக் கணக்கிட்டுத் திரை சொன்ன அளவை நர்ஸ் ஏற்றிவிட்டார். குழந்தை அசந்துபோய், ஒரு ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் இருந்து, நேற்றுக் கண் விழித்துப் பிஸ்கட் கேட்டதாம்.

நல்லது. பிழைத்தது. இனி பழியை யார் தலையில் கட்டலாம் என்று தேடுவார்கள், முதலில் மென்பொருள் என்பார்கள். கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது இந்த நாட்டில் இலவசம்.

மார்ச் 14, செவ்வாய்

லாகைத் திறந்தேன். யார், எப்போது, எதை மாற்றினார் என்று மென்பொருள் தானே எழுதி வைக்கும் பதிவு அது. தெளிவாக இருக்கிறது.

"எடை மாற்றியவர்: பூங்கோதை. மாலை 3.12. 14 / 21."

பூங்கோதை அன்று பணியில் இருந்த நர்ஸ். வேறென்ன வேண்டும்? விரல் தவறி அடித்திருக்கிறார், இப்போது இல்லை என்று சாதிக்கிறார். அறிக்கை எழுதினேன்: பயனரின் பிழை, மென்பொருளில் குறை இல்லை. கடைசியில் "லாக் பொய் சொல்லாது" என்று ஒரு வரி சேர்த்தேன். வைரவேல் அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தார். முழு விசாரணை இருபத்திரண்டாம் தேதி. அதுவரை அந்தப் பெண் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

மார்ச் 15, புதன்

ஜெசிந்தா வந்தார். உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார்.

"சார், அன்னைக்கு மூணு பன்னெண்டுக்கு டாக்டர் அவர் டேப்லெட்ல வலிப்பு மருந்த ஏத்தியிருக்காரு. நூத்தி நாப்பது மில்லிகிராம் இருந்தத இருநூத்திப் பத்தாக்கியிருக்காரு. வலிப்பு நிக்கல, அதனால ஏத்துனாரு. அது அவரு முடிவு."

"சரிங்க."

"கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் கணக்கு. இருநூத்திப் பத்துக்கு எத்தனை கிலோங்க சார்?"

இருபத்தொன்று என்று சொல்ல எனக்கு ஜெசிந்தா தேவையில்லை. எடையிலிருந்து மருந்தளவு வரும் என்றால், மருந்தளவிலிருந்து எடையும் வர வேண்டும். கணக்கு இரண்டு பக்கமும் சரியாக வரும். பெங்களூரில் கைதட்டல் வாங்கியதே அதற்குத்தான். அது குறை இல்லை, வசதி. இதைத்தான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவர், "டோஸ் ஏத்துனா கொழந்தை எடை ஏறுமுங்களா சார்?" என்றார்.

கணக்குத் தெரியாதவர்களோடு பேசுவது வீண் என்பதற்கு இதுவே சாட்சி. அதோடு, லாகில் பூங்கோதையின் பெயர் இருக்கிறதே, டாக்டரின் பெயரா இருக்கிறது? அதைக் கேட்டேன். ஜெசிந்தா எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, வியாழன்

பழைய கோப்பு ஒன்றைப் பார்த்தேன். லாக் எழுதும் பகுதி. ஒன்றுமில்லை.

சர்க்கரை டப்பாவில் எறும்பு. வெயிலில் வைத்தேன்.

மார்ச் 17, வெள்ளி

அந்த நர்ஸ் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கீழே வரவேற்பறையில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வைரவேல் அவசரமாகக் கழிவறைக்குப் போய்விட, நான் இறங்க வேண்டியதாயிற்று. முப்பது வயதிருக்கும். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் அன்னைக்கு எடையே போடலீங்க சார்."

"விரல் பட்டிருக்கும். மறந்திருப்பீங்க."

"இல்லீங்க. எங்க வார்டு எடை மெஷினக் காலையிலயே கீழ ஓபிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அங்க இருக்கறது ரிப்பேருன்னு. திங்கக்கிழமதான் மேல வந்துச்சு. மெஷினே இல்லாம நான் எதப் பாத்துங்க இருபத்தொண்ணு அடிப்பேன்?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கூட்டம் இருக்கிறது என்றேன். கூட்டம் ஏதும் இல்லை.

"அந்த மருந்த ஏத்துனது நாந்தான் சார், அத இல்லேங்கல. கொழந்தையப் பாத்தா பதினாலு கிலோன்னு தெரியும், திரைய நம்பிட்டேன். அதுக்கு என்ன தண்டனைனாலும் வாங்கிக்கறேன். ஆனா எடைய மாத்துனேன்னு எழுதீட்டா, பொய்யா எழுதறவள்னு ஆயிருமுங்க. அப்பறம் எந்த ஆஸ்பத்திரிலயும் என்னைய எடுக்க மாட்டாங்க."

ஆஸ்பத்திரி விஷயத்தை ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்ளச் சொன்னேன். படியேறும்போது மூச்சு வாங்கியது. நடைப்பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் இப்படித்தான்.

மார்ச் 19, ஞாயிறு

மோட்டார் புகைந்துவிட்டது. தரைத்தொட்டியில் தண்ணீர் இல்லை. மேலே டாங்க் குறைந்திருக்கிறது என்று சென்சார் சொல்ல, மோட்டார் வெறும் காற்றை இழுத்து இழுத்து உள்ளே கம்பிச்சுருள் கருகிப்போயிற்று. மெக்கானிக் வந்து பார்த்து, "கீழ இருக்கறத அது பாக்காதுங்க. கண்ணால பாத்துக் கையால போடுங்க," என்றான். ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவனெல்லாம் உபதேசம் செய்கிறான்.

மரகதம் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

வியாழக்கிழமை பார்த்த அந்தக் கோப்பைப் பற்றி. ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். ஒரு வரி இருந்தது. மாற்றம் எங்கிருந்து கிளம்பியது என்று அந்த வரிக்குத் தெரியாது. மாறிய பெட்டி எந்தத் திரையில் திறந்து கிடக்கிறதோ, அந்தத் திரைக்குள் நுழைந்திருப்பவரின் பெயரை எடுத்து எழுதிவிடும். டாக்டர் வலிப்பு மருந்தை ஏற்றிய நேரத்தில், பூங்கோதை நர்ஸ் ஸ்டேஷனில் அந்தக் குழந்தையின் முகப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

வரிக்கு மேலே ஒரு குறிப்பும் இருக்கிறது. "பெயர் தற்காலிகம். பிறகு சரி செய்ய வேண்டும். - செ." சென்னியப்பன் என்று முழுதாக எழுதக்கூட அன்று எனக்கு நேரமில்லை. ஒரே கருவியில் ஒரே ஆள் வேலை செய்த காலம் அது. யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஜனவரியில் கருவிக்குக் கருவி பைண்டிங்கை நீட்டியபோது அதை நினைத்துப் பார்த்திருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். நீட்டியதும் நான்தான்.

மார்ச் 20, திங்கள்

நபீலா பெரிய வெள்ளைப் பலகையில் எந்தப் பெட்டி எந்தப் பெட்டியை மாற்றுகிறது என்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து போட்டும் முடியவில்லை. பலகை சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க நாலு பேர்.

"படம் வரையறதுக்கா சம்பளம்?" என்றேன்.

"சார், நீங்களே சொல்லுங்க. இந்தச் சாப்பாட்டுப் பட்டியல்ல அளவு மாத்துனா எடை மாறுமா, மாறாதா?"

நூறு கிராம் சோறு குறைத்தால் குழந்தையின் எடை மாறுமா என்று என்னைக் கேட்கிறாள், இதைக் கட்டியவனை! மார்க்கரை வாங்கினேன். ஒரு கோடு போட்டேன். அழித்தேன். இன்னொன்று போட்டேன். மார்க்கரில் மை தீர்ந்திருந்தது, அதனால் நிறுத்திவிட்டேன்.

நான் என் இடத்துக்குத் திரும்பிய பிறகு அதே மார்க்கரால் அவள் இரண்டு மணி நேரம் எழுதினாள்.

மார்ச் 21, செவ்வாய்

வைரவேல் அறையில் பேச்சு. நாளை விசாரணைக்கு நானும் அவரும் போகிறோம். நர்ஸ்களிடம் பேசத் தெரியும் என்று ஜெசிந்தாவையும் அழைத்துப் போகிறார். இறுதி அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அந்த லாக் விஷயத்துல ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருந்தா?"

அவர் கதவைச் சாத்தினார். "இருந்தா ஏப்ரலுக்கு அப்பறம் இருக்கட்டுமுங்க. அந்தம்மா மருந்து ஏத்துனது நிஜந்தானே? அவங்களே ஒத்துக்கறாங்க. ஒரு வரி கூடுனா என்ன, குறைஞ்சா என்ன?"

எவ்வளவு கேவலமான மனிதர் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 22, புதன்

காலை பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் மாடியில் கண்காணிப்பாளர் டாக்டர் ரங்கநாயகியின் அறை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், பேச்சில் ஒரு சொல் வீணாகாது. ஓரத்து நாற்காலியில் பூங்கோதை சீருடை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வைரவேல் என் அறிக்கையைப் படித்தார். கடைசி வரியை வழக்கம்போல அழுத்திப் படித்தார். என் எழுத்து இவ்வளவு அசிங்கமாக எனக்கு என்றும் கேட்டதில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க டெஸ்டரம்மா நாலு தடவை இதையே எழுதியிருக்காங்கன்னு பூங்கோதை சொல்றாங்க. உண்மையா?"

வைரவேல் என்னைப் பார்த்தார். ஜெசிந்தா யாரையும் பார்க்கவில்லை. "ஆமாங்க டாக்டர்," என்றார். "சொல்றத விட செஞ்சு காட்டறேனுங்க. ரெண்டு டேப்லெட் போதும்."

சோதனைக்காகவே நாங்கள் வைத்திருக்கும் பொய்க் குழந்தை ஒன்று மென்பொருளில் உண்டு. எடை பதினான்கு. ஜெசிந்தா ஒரு டேப்லெட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்து மருந்துப் பக்கத்தைத் திறந்து வைத்தார். இன்னொன்றை என் முன்னால் வைத்தார்.

"நீங்க உங்க பேர்ல உள்ள போங்க சார். கொழந்தையோட முகப்புப் பக்கத்தத் திறங்க. அப்பறம் எதையும் தொட வேண்டாமுங்க."

என்ன நடக்கும் என்று அந்த அறையில் முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு பக்கத்தைத் திறந்திருக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது, ஜெசிந்தாவைத் தவிர. வைரவேல் மேஜைக்கு அடியில் என் காலைத் தட்டினார். திறக்காமல் இருக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும். அது என்னிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முகப்புப் பக்கத்தைத் திறந்தேன். காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா தன் டேப்லெட்டில் நூற்று நாற்பதை அழித்து இருநூற்றுப் பத்து என்று போட்டார். என் திரையில் பதினான்கு இருபத்தொன்றானது. சத்தமில்லை, சிவப்பு விளக்கில்லை. பெங்களூரில் இந்த இடத்தில்தான் கைதட்டினார்கள்.

பூங்கோதை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெசிந்தா லாகைத் திறந்து டாக்டரம்மாவின் பக்கம் திருப்பினார். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"எடை மாற்றியவர்: சென்னியப்பன். காலை 11.40. பதினாலு, இருபத்தொண்ணு." என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "எடையை மாத்துனது நீங்களா?"

"டாக்டர், இது சோதனை சர்வருங்க, அதுல சில சமயம்..." என்று வைரவேல் ஆரம்பித்தார்.

அவரை ஒருமுறை பார்த்தேன். பிறகு அந்த வெறுப்பில் பாதியை எடுத்து என் பக்கம் திருப்பிக்கொண்டேன், அது வைரவேலைவிட எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"ஆமாங்க, நான்தான்," என்றேன். "அன்னைக்கும் நான்தான். சனிக்கிழமை மூணு பன்னெண்டுக்கு நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேன். இருந்தாலும் மாத்துனது நான்தான்."

அறிக்கையைத் திருப்பி வாங்கி, கையெழுத்தை அடித்தேன். மென்பொருளை வார்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். வைரவேல் ஏப்ரல் என்று ஏதோ முனகினார். ஜெசிந்தாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

காரில் ஏறும் முன் லாகை இன்னொரு முறை பார்த்தேன். ஒரு மாதமாக நர்ஸ்களின் பெயராக எழுதித் தள்ளிய லாக் அது. எடையை மாற்றியவர் யார் என்று அது சரியாக எழுதியது இன்று ஒரு முறைதான்.